நீக்கப்பட்ட கட்டுமானப் பதிவுகளைத் திரும்பப் பெற முடியுமா?

நெகிரி செம்பிலான், போர்ட்டிக்சன் மாவட்டத்தில் உள்ள புக்கிட் பெலண்டோக் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கு 1998, 1999ஆம் ஆண்டுகளில் பரவிய நிப்பா கிருமித் தொற்றுதான் நினைவுக்கு வரும். ஆனால், அந்த வட்டாரத்திற்கு அதைவிட நீண்ட கதை உண்டு. முதலில் ரப்பர், பிறகு செம்பனை என்று தோட்டங்கள் சூழ்ந்த பகுதி அது. பல தலைமுறைத் தமிழர்கள் அந்தத் தோட்டங்களில் வேலை செய்து பிழைத்தவர்கள்.

காலம் மாறிவிட்டது. அருகிலுள்ள சிப்பாங்கில் தோட்ட நிலங்கள் விமான நிலையமாக மாறின. 1998 ஜூன் மாதத்தில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் அங்கே திறக்கப்பட்டது. சிரம்பான் பக்கம் செண்டாயான் போன்ற புதிய நகரங்கள் எழுந்தன. மரம் வெட்டிய கைகளும் குலை அறுத்த கைகளும் இருந்த வீடுகளிலிருந்து அடுத்த தலைமுறையினர் பலர் கட்டுமானத் துறைக்கு வந்தார்கள். மின்கம்பி இழுப்பவர், குழாய் பொருத்துபவர், சாயம் பூசுபவர், மண்வாரி இயந்திரம் ஓட்டுபவர், நான்கைந்து பேரை வைத்துக்கொண்டு துணைக் குத்தகை எடுப்பவர் எனப் பலரை இன்று காணலாம்.

இவர்களுக்கு ஒரு புதிய சிக்கல் வந்திருக்கிறது. முன்பெல்லாம் வேலை நடந்ததற்கான ஆதாரம் தாளில் இருந்தது. இன்று அது கைத்தொலைபேசியில் திறக்கும் ஒரு மென்பொருளில் இருக்கிறது. தாளைக் கிழித்தால் துண்டாவது மிஞ்சும். மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்திப் பதிவை நீக்கிவிட்டால் என்ன மிஞ்சும்? வேலை செய்தவரின் பணமும் அதோடு போய்விடுமா? சற்று விரிவாகப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

கிராணியின் செக்ரோலும் இன்றைய மென்பொருளும்

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. விடியற்காலையில் ஆட்கள் கூடுவார்கள். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்பது பதியப்படும். அந்தக் கணக்கு செக்ரோல் புத்தகத்தில் ஏறும். மாதக் கடைசியில் சம்பளம் அதை வைத்தே போடப்படும். அதில் பெயர் இல்லையென்றால் அன்றைய உழைப்புக்குக் கூலி இல்லை.

கட்டுமான நிர்வாக மென்பொருளும் ஒருவகையில் இன்றைய செக்ரோல்தான். ஆனால், அதில் ஏறும் விவரங்கள் பன்மடங்கு அதிகம். தினசரிக் குறிப்பு, வேலையாட்களின் எண்ணிக்கை, மழையால் நின்ற மணி நேரம், படங்கள், வரைபடங்கள், சோதனை அறிக்கைகள், குறைபாட்டுப் பட்டியல், கூடுதல் வேலைக்கான உத்தரவு, விபத்து அறிக்கை ஆகிய எல்லாம் ஒரே இடத்தில் சேர்கின்றன. உலகில் பரவலாகப் பயன்படும் இத்தகைய மென்பொருள்களில் இரண்டைச் சொல்லலாம். ஒன்று, 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட புரோகோர். மற்றொன்று, கட்டட வரைபட மென்பொருளுக்குப் பெயர் பெற்ற ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கட்டுமான மென்பொருள்.

ஓர் உதாரணத்தை எண்ணிப் பார்ப்போம். ஒரு வீடமைப்புத் திட்டத்தில் துணைக் குத்தகையாளர் ஒருவர் கால்வாய் வேலை செய்கிறார். ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு பகுதியையும் செய்து தரும்படி பொறியாளர் தளத்திலேயே சொல்கிறார். அந்த உத்தரவு மென்பொருளில் பதியப்படுகிறது. படமும் ஏற்றப்படுகிறது. மூன்று மாதம் கழித்துப் பணம் கேட்கும்போது, "அப்படி ஒரு பதிவே இல்லையே" என்ற பதில் வருகிறது. தேடிப் பார்த்தால் திரையில் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. யாரோ தவறுதலாக நீக்கியிருக்கலாம். வேண்டுமென்றும் நீக்கியிருக்கலாம். எப்படியிருந்தாலும் அந்தக் குத்தகையாளர் தம் ஆட்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும்.

மறைந்தது வேறு, அழிந்தது வேறு

இங்கேதான் பலரும் அறியாத ஒரு விஷயம் இருக்கிறது. இத்தகைய மென்பொருள்களில் ஒரு பதிவை நீக்கினால், பெரும்பாலும் அது உடனே அழிவதில்லை. மறைக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

கிராணி செக்ரோலில் ஒரு பெயரின்மேல் கோடு போடுவதாக வைத்துக்கொள்வோம். கணக்குக் கூட்டும்போது அந்தப் பெயரை விட்டுவிடுவார்கள். ஆனால், கோட்டுக்குக் கீழே பெயர் அப்படியே இருக்கும். அந்தப் பக்கத்தையே கிழித்து அடுப்பில் போடுவது வேறு செயல். கணினியிலும் இப்படி இரண்டு வகை நீக்கம் உண்டு. முதல் வகையில், பதிவின் பக்கத்தில் "நீக்கப்பட்டது" என்ற ஓர் அடையாளம் மட்டும் வைக்கப்படுகிறது. சாதாரணப் பட்டியலில் அது காட்டப்படாது. இரண்டாவது வகையில், தரவுத் தளத்திலிருந்தே அது துடைக்கப்படுகிறது. முதல் வகையை மீட்கலாம். இரண்டாவது வகைக்கு, வேறிடத்தில் எடுத்து வைத்த நகல் மட்டுமே கைகொடுக்கும்.

பொதுமக்கள் அறிந்த சேவைகளிலும் இதே முறைதான். கூகள் டிரைவில் நீக்கிய கோப்பு 30 நாட்கள் குப்பைத் தொட்டியில் கிடக்கும். மைக்ரோசாப்டின் ஷேர்பாயிண்ட் சேவையில் அந்த அவகாசம் 93 நாட்கள். அதற்குப் பிறகு துடைக்கப்படும். கட்டுமான மென்பொருளில் இந்த அவகாசம் நிறுவனத்துக்கு நிறுவனம், ஒரே மென்பொருளில் பகுதிக்குப் பகுதி வேறுபடும். புரோகோரில் பல பகுதிகளுக்குத் தனித்தனிக் குப்பைத் தொட்டி இருக்கிறது. அந்தப் பகுதியின் நிர்வாகி அனுமதி பெற்றவரே அதைத் திறந்து பதிவை மீட்க முடியும். சாதாரணப் பயனாளரின் கண்ணுக்கு அந்தத் தொட்டியே தெரியாது. எனவே, "தேடினேன், இல்லை" என்று ஒருவர் சொல்வதை வைத்து அது அழிந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது.

ஏபிஐ என்பது என்ன?

திரையில் தெரியாததை எப்படிக் கேட்டு வாங்குவது? அதற்கு உதவும் வாசல்தான் ஏபிஐ. ஒரு மென்பொருளோடு இன்னொரு மென்பொருள் பேசுவதற்கென்று அமைக்கப்பட்ட வழி அது.

நில அலுவலகக் கவுண்டரை நினைத்துக்கொள்ளலாம். உள்ளே ஆயிரக்கணக்கான கோப்புகள் இருக்கும். யாரும் உள்ளே போய் அலமாரியைத் திறக்க முடியாது. கவுண்டரில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். எந்த நிலம், எந்த ஆவணம் என்று முறையாக எழுதிக் கொடுக்க வேண்டும். தகுதி இருந்தால் நகல் கிடைக்கும். இல்லையென்றால் காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.

ஏபிஐயும் அப்படியே. முதலில் கணினி நிரல் தன் அடையாளத்தைக் காட்டி ஒரு தற்காலிக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டு சிறிது நேரமே செல்லும். பிறகு எந்த நிறுவனம், எந்தத் திட்டம், எந்த வகைப் பதிவு என்று எண்களோடு கேட்க வேண்டும். பதிலோடு ஒரு மூன்று இலக்க எண் வரும். அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

200 என்று வந்தால் கேட்டது கிடைத்தது என்று பொருள். 401 என்றால் அனுமதிச் சீட்டு சரியில்லை அல்லது காலாவதியாகிவிட்டது. 403 என்றால் ஆள் யாரென்று தெரிகிறது, ஆனால் அவருக்கு அந்த உரிமை இல்லை. 404 என்றால் கேட்ட பதிவு அந்த முகவரியில் காணப்படவில்லை. 410 என்றால் முன்பு இருந்தது, இப்போது நிரந்தரமாக இல்லை. இவற்றில் மக்களை அதிகம் ஏமாற்றுவது 404தான். பதிவு குப்பைத் தொட்டியில் இருந்தாலும் 404 வரலாம். உரிமை இல்லாதவருக்கு, பதிவு இருப்பதையே காட்டிக்கொள்ளாமல் சில சேவைகள் 404 என்றே பதில் சொல்லும். 404 என்பது மரணச் சான்றிதழ் அல்ல.

மீட்கும் வேலை நடக்கும் விதம்

அனுபவமுள்ள நிரலாளர் இந்த வேலையைப் படிப்படியாகச் செய்வார். துணைக் குத்தகையாளருக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஆனால், என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, பதிவு உண்மையிலேயே நீக்கப்பட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். ஏபிஐ எல்லாப் பதிவுகளையும் ஒரே தடவையில் தராது. பக்கம் பக்கமாகத்தான் தரும். முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு இல்லையென்று சொல்வது அடிக்கடி நடக்கும் தவறு. திட்டம் முடிந்ததும் அதை "செயலில் இல்லாத திட்டம்" என்று மாற்றிவிடுவதும் வழக்கம். செயலில் உள்ள திட்டங்களை மட்டும் கேட்டால், முடிந்த திட்டம் பட்டியலில் வராது. அது நீக்கப்பட்டதாகத் தோன்றும். நிலையைக் குறிப்பிட்டுக் கேட்டால் வந்துவிடும்.

இரண்டாவது, குப்பைத் தொட்டியைப் பார்க்க வேண்டும். புரோகோரில் சில வகைப் பதிவுகளுக்கு, குப்பைத் தொட்டிக்கென்றே தனி ஏபிஐ முகவரி உண்டு. நீக்கியவற்றைப் பட்டியலிட ஒரு கட்டளை, மீட்க ஒரு கட்டளை என இருக்கும். எல்லா வகைப் பதிவுகளுக்கும் இந்த வசதி இருக்கும் என்று சொல்ல முடியாது. ஏபிஐயில் இல்லாவிட்டால் நிர்வாகி நேரடியாகத் திரையில் போய்த்தான் மீட்க வேண்டும்.

ஆட்டோடெஸ்க் முறை இன்னும் சுவையானது. அங்கே ஒரு கோப்பைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய பதிப்பு உருவாகும். ஏபிஐ வழியாகக் கோப்பை நீக்குவதும் ஒரு புதிய பதிப்பை உருவாக்குவதுதான். அந்தப் பதிப்பின் வகை "நீக்கப்பட்டது" என்பதாகும். அதாவது, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் "இது ரத்து" என்று எழுதுவது போல. முந்தைய பக்கங்கள் கிழிக்கப்படுவதில்லை. மறைக்கப்பட்டவற்றையும் சேர்த்துக் காட்டு என்று கேட்டால் கோப்பு தெரியும். பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்பு ஒன்றை உருவாக்கினால் கோப்பு திரும்பி வந்துவிடும்.

மூன்றாவது, மாற்ற வரலாற்றைப் பார்க்க வேண்டும். யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு என்ன செய்தார் என்பதை இத்தகைய மென்பொருள்கள் பொதுவாகக் குறித்து வைக்கும். உள்ளடக்கம் கிடைக்காவிட்டாலும், அப்படி ஒரு பதிவு இருந்தது, இன்ன நாளில் நீக்கப்பட்டது என்பதே ஒரு முக்கியமான சான்று.

நான்காவது, மீட்பதற்கு முன் நகல் எடுக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பதிவை மீட்டவுடன் அதன் கடைசி மாற்ற நேரம் மாறிவிடக்கூடும். ஆகவே, குப்பைத் தொட்டியில் இருக்கும்போதே ஏபிஐ தந்த பதிலை அப்படியே, ஓர் எழுத்தும் மாற்றாமல், நாளும் நேரமும் குறித்துச் சேமிக்க வேண்டும். அந்தக் கோப்புக்கு எஸ்எச்ஏ-256 என்ற கணக்கீட்டு எண் ஒன்றையும் எடுத்து வைக்கலாம். அது கைரேகை போன்றது. பிற்காலத்தில் கோப்பில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் எண் ஒத்துப்போகாது.

எது திரும்பி வராது?

மீட்டுவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒரு பதிவோடு இணைந்திருந்த மற்றப் பதிவுகளுக்கான தொடர்பு அறுந்திருக்கலாம். இணைத்த படங்கள் தனியாக நீக்கப்பட்டிருந்தால் அவற்றைத் தனியாகத் தேட வேண்டும்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. சில நிறுவனங்கள், மென்பொருளில் மாற்றம் நடந்தால் உடனே தங்கள் கணினிக்குத் தகவல் வரும்படி அமைத்துக்கொள்கின்றன. வெப்ஹூக் என்பது அதன் பெயர். புரோகோரில் உருவாக்கம், திருத்தம், நீக்கம் ஆகிய மூன்றுக்கும் இந்தத் தகவல் வரும். ஆனால், அந்தத் தகவலில் பதிவின் எண், வகை, நேரம் போன்ற அடையாள விவரங்கள்தான் இருக்கும். பதிவுக்குள் என்ன எழுதியிருந்தது என்பது இருக்காது. இறப்புச் செய்தி வரும், இறந்தவரின் கதை வராது. கதை வேண்டுமென்றால், பதிவு உயிரோடு இருந்தபோதே நகல் எடுத்திருக்க வேண்டும்.

உலகம் கண்ட ஒரு பாடம்

2022 ஏப்ரல் 5ஆம் நாள் நடந்த ஒரு சம்பவம் இதற்கு நல்ல பாடம். ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம், திட்ட வேலைகளைப் பதிந்து நிர்வகிக்கும் ஜிரா என்ற மென்பொருளை நடத்துகிறது. பழைய செயலி ஒன்றை வாடிக்கையாளர்களின் கணக்குகளிலிருந்து நீக்க அதன் ஊழியர்கள் ஒரு நிரலை ஓட்டினார்கள். செயலியின் எண்களைக் கொடுக்க வேண்டிய இடத்தில், வாடிக்கையாளர்களின் முழுத் தளங்களுக்கான எண்கள் கொடுக்கப்பட்டுவிட்டன. ஏபிஐ இரண்டு வகை எண்களையும் ஏற்றுக்கொள்ளும். கொடுத்தவர் சரியாகத்தான் கொடுத்திருப்பார் என்று நம்பி, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வேலையைச் செய்தது.

நீக்கும் நிரலுக்கு இரண்டு முறைகள் இருந்தன. ஒன்று அடையாளம் மட்டும் வைப்பது. மற்றொன்று நிரந்தரமாக அழிப்பது. ஓடியது இரண்டாவது முறை. 23 நிமிடங்களில் 883 தளங்கள் போயின. 775 வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். தனியாக எடுத்து வைத்திருந்த நகல்களிலிருந்து எல்லாவற்றையும் மீட்டு முடிக்க ஏப்ரல் 18ஆம் நாள் ஆகிவிட்டது. ஆயிரக்கணக்கான வல்லுநர்களைக் கொண்ட நிறுவனத்துக்கே அடையாளம் வைப்பதற்கும் அழிப்பதற்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய இரண்டு வாரங்களை விழுங்கியது என்றால், ஒரு சிறு குத்தகையாளர் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

சாவி யார் கையில்?

இனி, எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. ஏபிஐ வாசல் இருக்கிறது, குப்பைத் தொட்டியில் பதிவும் இருக்கிறது. ஆனால், சாவி யாரிடம் இருக்கிறது? பெரும்பாலும் முதன்மைக் குத்தகையாளரிடமோ மேம்பாட்டாளரிடமோ இருக்கிறது. மென்பொருளுக்குச் சந்தா கட்டுபவர் அவர். துணைக் குத்தகையாளர் அதில் ஒரு விருந்தாளி. பணத் தகராறு வந்த மறுநாளே அவருடைய கணக்கு மூடப்படலாம். அப்போது அவர் பதிந்த படங்களைக்கூட அவரால் பார்க்க முடியாது.

சாவி இல்லையென்பதற்காக வேறொருவரின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி உள்ளே போவது ஆபத்து. மலேசியாவின் 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் கணினித் தகவலை அணுகுவது குற்றம். பதிவு தம்முடையது என்ற எண்ணத்தில் செய்தாலும் சிக்கல்தான். நியாயம் தம் பக்கம் இருக்கும்போது வழி தவறக் கூடாது.

சட்டம் வேறு வழிகளைத் தருகிறது. 2014 ஏப்ரல் 15ஆம் நாள் நடப்புக்கு வந்த கட்டுமானத் தொழில் பணம் செலுத்துதல், தீர்ப்பாய்வுச் சட்டம், வேலை செய்தும் பணம் கிடைக்காதவர்களுக்காகவே இயற்றப்பட்டது. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருந்தால், பணக் கோரிக்கை அனுப்பலாம். எதிர்த்தரப்பு 10 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தீராவிட்டால் ஆசிய அனைத்துலக நடுவர் மையத்தின் வழியாகத் தீர்ப்பாய்வுக்குப் போகலாம். "மேலே இருந்து எங்களுக்குப் பணம் வந்தால்தான் உங்களுக்குத் தருவோம்" என்ற நிபந்தனை அந்தச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி செல்லாது. இதைப் பல சிறு குத்தகையாளர்கள் இன்னும் அறியாமல் இருக்கிறார்கள்.

இந்த வழிமுறையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் காலக் கெடு உண்டு. வழக்கு தொடங்கிய பிறகு பதிவைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.

கணினிப் பதிவை நீதிமன்றம் ஏற்குமா என்ற ஐயமும் பலருக்கு இருக்கிறது. ஏற்கும். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு அதற்கு வழி செய்கிறது. வழக்கமான பயன்பாட்டில் கணினி உருவாக்கிய ஆவணம் சான்றாக ஏற்கப்படும். அந்தக் கணினியை நிர்வகிக்கும் பொறுப்பில் இருப்பவரின் கையொப்பமிட்ட சான்றிதழ் அதற்கு உதவும். ஆகவே, ஏபிஐ வழியாகப் பதிவை எடுக்கும்போது, யார் எடுத்தார், எப்போது எடுத்தார், எந்தக் கணக்கில் எடுத்தார் என்பதைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும். குறிப்பிட்ட வழக்குகளில் வழக்கறிஞரின் ஆலோசனை அவசியம்.

சிறு குத்தகையாளர் என்ன செய்யலாம்?

முதலில், வேலை தொடங்குமுன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். "நான் பதியும் விவரங்களின் நகல் எனக்கும் கிடைக்க வேண்டும். திட்டம் முடிந்த பிறகும் கிடைக்க வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். பெரிய நிறுவனங்கள் இதற்கு எப்போதும் மறுப்பதில்லை. கேட்பவர்தான் குறைவு.

இரண்டாவது, வாரத்திற்கு ஒரு முறை தம் பதிவுகளைக் கோப்பாக இறக்கி வைக்க வேண்டும். இந்த மென்பொருள்களில் பொதுவாக அறிக்கையைப் பிடிஎஃப் கோப்பாக இறக்கும் வசதி இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஒரு நகல் வீட்டுக் கணினியில், இன்னொன்று வேறிடத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, படங்களின் மூலக் கோப்பைக் கைத்தொலைபேசியிலிருந்து அழிக்கக் கூடாது. "வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேனே, போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது சுருக்கப்படுகிறது. எடுத்த நேரம், இடம் போன்ற உள் விவரங்கள் உதிர்ந்துவிடுகின்றன. அனுப்பத்தான் வேண்டுமென்றால் ஆவணமாக அனுப்ப வேண்டும்.

நான்காவது, வாய்மொழி உத்தரவு வந்த அன்றே அதை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். மின்னஞ்சலில் இரண்டு வரி போதும். மென்பொருள் பதிவின் எண்ணையும் அதில் குறிப்பிட வேண்டும். அந்த எண் இருந்தால், பதிவு நீக்கப்பட்டாலும் ஏபிஐயில் தேடுவது எளிது. எண் இல்லாமல் தேடுவது, பெயர் தெரியாமல் ஊரில் ஆள் தேடுவது போல.

ஐந்தாவது, பதிவு காணாமல் போனது தெரிந்த அன்றே எழுத வேண்டும். "இன்ன எண்ணுள்ள பதிவு காணப்படவில்லை. குப்பைத் தொட்டியிலும் மாற்ற வரலாற்றிலும் பார்க்கவும். எதையும் நிரந்தரமாக அழிக்க வேண்டாம்" என்று நாளிட்டு அனுப்ப வேண்டும். அவகாசம் ஓடிக்கொண்டிருக்கும்போது மரியாதைக்காகக் காத்திருப்பது நட்டம். அந்தக் கடிதம் கிடைத்த பிறகும் பதிவு அழிக்கப்பட்டால், அழித்தவர் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு வருவார்.

ஆறாவது, நகல்களை எத்தனை ஆண்டு வைத்திருப்பது? தீபகற்ப மலேசியாவில் ஒப்பந்த வழக்குத் தொடுக்க 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் பொதுவாக 6 ஆண்டுகள் தருகிறது. வருமான வரிக்காகக் கணக்குகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆகவே, 7 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

பணத்தைத் தாண்டி

பதிவு என்பது பணத்துக்கு மட்டும் அல்ல, உயிருக்கும் தொடர்புடையது. 2017 ஜூன் 14ஆம் நாள் லண்டனில் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடம் தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். அதன்பின் 2018ஆம் ஆண்டில் வெளியான டேம் ஜூடித் ஹாக்கிட் அறிக்கை ஒரு முக்கியமான பரிந்துரையைச் செய்தது. கட்டடத்தை வடிவமைத்த நாள் முதல் மக்கள் குடியிருக்கும் காலம் முழுவதும் அதன் விவரங்கள் அறுபடாமல் மின்னியல் வடிவில் காக்கப்பட வேண்டும் என்பதே அது. அதற்குத் "தங்க இழை" என்று பெயர் வைத்தார்கள். எந்தப் பொருள் எங்கே பொருத்தப்பட்டது, யார் அனுமதித்தார் என்பது தெரியாத கட்டடத்தில் குடியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

தளத்தில் காயமடைந்த தொழிலாளிக்கும் இது பொருந்தும். அன்று அவர் அங்கே வேலையில் இருந்தார் என்பதைத் தினசரிக் குறிப்பு சொல்லும். சொக்சோ உதவிக்கு விண்ணப்பிக்கும்போது அத்தகைய ஒரு வரி அவருடைய குடும்பத்துக்குச் சோறு போடும். அந்த வரி ஒரு பொத்தானில் மறைந்துவிடக் கூடாது.

தோட்டப்புறங்களிலிருந்து வந்த இளைஞர்களில் கணினி படித்தவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். தகப்பனும் மாமனும் வெயிலில் நின்று செய்யும் வேலைக்கு, வீட்டிலிருந்தபடி பாதுகாப்புத் தர அவர்களால் முடியும். தங்களுக்கு அனுமதிக்கப்பட்ட கணக்கின் வழியாக, வாரம் ஒரு முறை பதிவுகளை ஏபிஐயில் கேட்டு நகல் எடுக்கும் ஒரு சிறு நிரலை எழுதுவது அவர்களுக்குப் பெரிய காரியம் அல்ல. ஏபிஐ விளக்க ஏடுகளைப் புரோகோரும் ஆட்டோடெஸ்க்கும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன.

மறைந்த பதிவை மீட்க வழி இருக்கிறது. ஆனால், அந்த வழி சாவி வைத்திருப்பவரின் மனத்தையும் நாள்காட்டியையும் சார்ந்தது. சொந்த நகல் யாரையும் சார்ந்தது அல்ல. இன்று தளத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரும், கடந்த மாதத்துப் பதிவுகள் தம் கையில் இருக்கின்றனவா என்று இந்த வார இறுதியிலேயே ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது.